நான்காம் மாடியில் உறுதி செய்யப்படும்

அந்த ஆய்வகத்தின் தரைத்தளத்தில் ஒரே ஓர் இயந்திரம் இருந்தது. அதை இயக்க ஒரு பெண் பரிசோதகர் இருந்தார். காலையில் சாம்பிளை உள்ளே வைத்தால் மதியச் சாப்பாட்டுக்கு முன் முடிவு வந்துவிடும். மேலே இருந்த நான்கு மாடிகளும் அந்த முடிவை நம்பாமல் இருப்பதற்காகக் கட்டப்பட்டவை.

முன்பு அப்படி இல்லை. ஒரு சமயம் ஓர் உயர் அதிகாரியின் வீட்டுக்கு, உடலுறவில் பரவும் கிளமிடியா தொற்று இருக்கிறது, பாசிட்டிவ் என்று ஒரு முடிவு போனது. அது தவறான முடிவு. அது தவறு என்று தெரியவருவதற்குள் அந்த வீட்டில் ஒரு கண்ணாடி அலமாரி உடைந்துவிட்டது. விசாரணைக் கமிஷன் அமைத்தார்கள். கமிஷன், உறுதிப்படுத்தல் பிரிவு ஒன்று வேண்டும் என்று பரிந்துரைத்தது. கண்ணாடி அலமாரியை யாரும் வாங்கித் தரவில்லை. நான்கு மாடிகள் மட்டும் எழும்பின. வாசலில் 'சந்தேகமே எங்கள் சேவை' என்று எழுதி விளக்குப் போட்டார்கள்.

நம் கதையில் வருகிறவள் ஓர் எடைமேடையில் வேலை பார்த்தாள். லாரி மேடையில் ஏறும். திரையில் எண் வரும். டிரைவர் ஒப்புக்கொள்ள மாட்டார். லாரியை இறக்கி மறுபடி ஏற்றச் சொல்வாள். அதே எண் வரும். டிரைவர் வாய்க்குள் எதையோ சொல்லிக்கொண்டு சீட்டை வாங்கிப் போவார். உறுதி செய்வது என்றால் இதுதான் என்று அவள் இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

கல்யாணமாகி இரண்டு வருஷம். குழந்தை உண்டாகவில்லை. பெரிய ஆஸ்பத்திரியின் மகப்பேறு மருத்துவர், கருக்குழாயில் சாயம் செலுத்தி எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கலாம், வழி திறந்திருக்கிறதா அடைத்திருக்கிறதா என்று தெரிந்துவிடும் என்றார். அந்த எக்ஸ்ரேவுக்கு முறை கிடைப்பது குதிரைக்கொம்பு. அவளுக்கு மூன்று மாதம் தள்ளி ஒரு தேதி கிடைத்தது. தவறவிட்டால் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். வரிசையின் கடைசி அடுத்த வருஷத்தில் இருந்தது.

எக்ஸ்ரேவுக்கு முன் அந்த ஆய்வகத்தில் ஒரு சின்ன டெஸ்ட். தொற்று ஏதாவது இருந்தால் சாயத்தோடு கிருமியும் மேலே ஏறிவிடும் என்பதால் எல்லோருக்கும் எடுப்பது. அதில்தான் கிளமிடியா பாசிட்டிவ் என்று வந்தது.

அன்று மாலை துணி மடித்துக்கொண்டே கணவனிடம் சொன்னாள். அவன் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். முதன்முதலாக ஸ்டியரிங் பிடிக்கிறவர்களின் பக்கத்திலேயே உட்கார்ந்து உட்கார்ந்து, எதற்கும் பதறாமல் பிரேக்கை மிதிக்கப் பழகியிருந்தான்.

"அப்ப எனக்கும் இருக்கும்," என்றான்.

"எங்கேருந்து வந்திருக்கும்?"

"எங்கிட்டேருந்துதான். கல்யாணத்துக்கு முன்னாடி நான் ஒண்ணும் சாமியாரா இல்லையே. உன்கிட்ட எல்லாம் சொல்லிட்டுத்தானே கட்டிக்கிட்டேன்."

"சொன்னீங்க. இதைச் சொல்லலியே."

"இது எனக்கே இப்பத்தான தெரியுது. வலியும் இல்ல, ஒண்ணும் இல்ல. சத்தமே போடாத விருந்தாளி." அவள் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "கோவமா?"

அவள் ஒரு சட்டையை மடித்து முடித்தாள். "கோவம்தான். மாத்திரை சாப்பிட்டா ஒரு வாரத்துல போயிடுமாம். கோவமும் அப்பப் போயிடும்."

விஷயம் அத்தோடு முடிந்திருக்க வேண்டும்.

மறுநாள் மகப்பேறு மருத்துவர் மருந்து எழுதவில்லை. "இது முதல்நிலை பாசிட்டிவ்மா. உறுதியான பாசிட்டிவ் வந்தாத்தான் நான் எழுதலாம். விதி அப்படி."

"அது எப்ப வரும் டாக்டர்?"

மருத்துவர் ஜன்னல் வழியாக எதிரே இருந்த நான்கு மாடிகளைப் பார்த்தார். "நான் இங்க சேர்ந்ததிலேருந்து ஒண்ணும் வரல. உங்களுது வருதா பாப்போம்."

முதல் மாடியின் வேலை, அதே சாம்பிளை அதே இயந்திரத்தில் மறுபடி வைத்துப் பார்ப்பது. இயந்திரம் தரைத்தளத்தில் இருந்தபடியால் சாம்பிளை மேலே கொண்டுபோய், மேலே வந்துவிட்டது என்று முத்திரை குத்தி, திரும்பக் கீழே கொண்டுவந்தார்கள். பாசிட்டிவ்.

இரண்டாம் மாடி புதிய சாம்பிள் கேட்டது. கொடுத்தாள். பாசிட்டிவ்.

மூன்றாம் மாடியின் விதி கொஞ்சம் கடினமானது. இன்னொரு சாம்பிளை வேறு வேதிப்பொருள் கொண்டு வேறொருவர் செய்ய வேண்டும். வேதிப்பொருள் இருந்தது. வேறொருவர் இல்லை. ஆகவே தரைத்தளத்துப் பரிசோதகர் நீலக் கோட்டைக் கழற்றிவிட்டுப் பச்சைக் கோட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு, முந்தைய முடிவுகளைப் பார்த்திராத முகத்தோடு வந்து உட்கார்ந்தார்.

"வாங்கம்மா. நீங்க யாரு?"

"நான்தாங்க. நேத்துகூடப் பேசிட்டிருந்தோமே."

"அது நீலக் கோட்டு," என்றார் பரிசோதகர். "அவங்க என்ன சொன்னாங்கன்னு எங்கிட்ட சொல்லிடாதீங்க. என் மனசு கெட்டுடும்."

பச்சைக் கோட்டுக்கும் பாசிட்டிவ்தான் வந்தது. மதியம் அவர் பச்சையைக் கழற்றி நீலத்தை மாட்டியதும், "என்னம்மா, மேல என்ன சொன்னாங்க?" என்று அக்கறையாக விசாரித்தார்.

நான்காம் மாடியில் உறுதிப்படுத்தல் அலுவலர் இருந்தார். மிக மரியாதையான மனிதர். அவளை உட்காரச் சொல்லிவிட்டு மூன்று மாடிகளின் முடிவுகளையும் வரிசையாக வைத்துப் பார்த்தார். தலையை ஆட்டினார்.

"மூணும் பாசிட்டிவ். ஒண்ணுகூட மாறல. எனக்கு இது சரியாப் படல."

"ஏன் சார்?"

"மூணு பேர் ஒரே மாதிரி சொன்னா என்ன அர்த்தம்? பேசி வச்சுக்கிட்டு சொல்றாங்கன்னு அர்த்தம்."

"எங்க எடைமேடையில ரெண்டு தடவை ஒரே எண் வந்தா லாரியை விட்டுடுவோம் சார்."

"லாரிக்கு நடத்தை கிடையாதும்மா." அலுவலர் ஓர் அட்டையை எடுத்தார். "நோய் அபூர்வமா இருக்கிற கூட்டத்துல ஒருத்தருக்குப் பாசிட்டிவ் வந்தா, அது பொய்யா இருக்கிறதுக்கு வாய்ப்பு ஜாஸ்தி. இது கணக்கு. நானாச் சொல்லல."

அது உண்மையிலேயே கணக்குதான். பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அந்தக் கணக்குக்காகத்தான் சில இடங்களில் மறுபடி ஒரு தடவை டெஸ்ட் செய்து பார்க்கிறார்கள்; பார்த்துவிட்டு மருந்து கொடுக்கிறார்கள். நான்காம் மாடி அதிலிருந்து ஒரு மதிப்பெண் முறையைத் தயாரித்திருந்தது.

"என்ன வேலை? எடைமேடை. கௌரவமான வேலை, மார்க் குறையுது. இருட்டறதுக்குள்ள வீட்டுக்கு வந்துடுவீங்களா? குறையுது. புருஷனைத் தவிர?"

"இல்ல சார்."

"யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிக்க ஒண்ணும் இல்ல சார்."

அலுவலர் பேனாவைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது. "உங்க நடத்தை ரொம்ப நல்லா இருக்கும்மா. அதான் பிரச்சனை. பாசிட்டிவை நம்பறதுக்கு நாற்பது மார்க் வேணும். உங்களுக்குப் பூஜ்யத்துக்கும் கீழ போகுது. இந்த மார்க்கை வச்சுக்கிட்டு நோய் இருக்குன்னு சொன்னா யார் நம்புவா?"

அவள் பஸ்ஸில் வரும்போது வாழ்க்கையை முதலிலிருந்து ஒரு தடவை யோசித்துப் பார்த்தாள். கல்லூரியில் ஒரு பையன் பேனா கடன் வாங்கித் திருப்பிக் கொடுக்கவே இல்லை. அதற்கு எத்தனை மார்க் போடுவார்கள் என்று தெரியவில்லை.

கணவன் விழுந்து விழுந்து சிரித்தான். "இவ்வளவுதானா? நாளைக்கு நான் வரேன். இந்தப் பாடத்துல நான் ஃபெயிலே ஆனதில்ல."

நான்காம் மாடியில் அவன் மடை திறந்த மாதிரி பேசினான். அலுவலர் ஆர்வத்தோடு எழுதிக்கொண்டே வந்தார். மார்க் முப்பத்தைந்தைத் தாண்டியபோது அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சில விஷயங்கள் அவளுக்குச் சொல்லப்பட்டதைவிட விரிவாக இருந்தன.

"பிரமாதம்," என்றார் அலுவலர். "ஐம்பத்திரண்டு. இப்ப இதுக்கு ரெண்டு சாட்சி வேணும்."

"சாட்சியா?"

"நீங்க தப்பு பண்ணினீங்கன்னு நீங்களே சொன்னாப் போதுமா? ஊர்ல பாதிப் பேர் அப்படித்தான் பெருமையடிச்சுக்கிறான். சமூகத்துல நல்ல பேர் உள்ள ரெண்டு பேர் கையெழுத்துப் போடணும்."

கணவன் மண்டையைச் சொறிந்தான். "சார், நான் தப்பு பண்ணினப்போ கூட இருந்தவனுக்கெல்லாம் நல்ல பேர் கிடையாது. நல்ல பேர் உள்ளவன் எவனும் கூட இல்ல."

"அது உங்க குறை. அடுத்த தடவை பாத்து நடந்துக்கோங்க."

"அடுத்த தடவைன்னு ஒண்ணு கிடையாது," என்றாள் அவள். அன்று அவள் பேசிய ஒரே வாக்கியம் அது.

கடைசியில் அவனும் சாம்பிள் கொடுத்தான். பாசிட்டிவ். இதோடு தீர்ந்தது என்று இருவரும் நான்கு மாடியையும் மூச்சு வாங்க ஏறினார்கள்.

"இவர் பாசிட்டிவ் இன்னும் உறுதியாகல," என்றார் அலுவலர். "உறுதியாகாத ஒண்ணை வச்சு உறுதியாகாத இன்னொண்ணை எப்படி உறுதி பண்றது? பூஜ்யத்தையும் பூஜ்யத்தையும் கூட்டினா என்ன வரும்?"

"சார், புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருக்கும் ஒரே கிருமி. இதுல என்ன சார் சந்தேகம்?"

"நீங்க ரெண்டு பேரும் புருஷன் பொண்டாட்டிங்கறதுல சந்தேகம் இல்ல. அதுக்குச் சான்றிதழ் இருக்கு. கிருமிக்குச் சான்றிதழ் இல்ல." அலுவலர் எழுந்து நின்றார். "கவலைப்படாதீங்க. இதை உயர்மட்டக் குழுவுக்கு அனுப்பறேன். குழு கூடினதும் நாலாவது சாம்பிள் எடுக்கச் சொல்லும்."

"எக்ஸ்ரே தேதி நெருங்குது சார். எப்ப கூடும்?"

"குழு அறைக்கு நாற்காலி வந்ததும்."

நாற்காலிகள் வந்தன. ஆனால் தலைவர் நாற்காலியும் உறுப்பினர் நாற்காலியும் ஒரே உயரத்தில் இருந்தன. திருப்பி அனுப்பினார்கள்.

அன்று கணவன் காரை வீட்டுப் பக்கம் திருப்பவில்லை. "நோயாளி ஆகறதுக்கு இவங்ககிட்ட எதுக்கு அனுமதி கேட்டுக்கிட்டு நிக்கறோம்?" என்றான்.

"பெரிய ஆஸ்பத்திரியில கோவிச்சுக்கிட்டு முறையை எடுத்துட்டாங்கன்னா?"

"எடுத்தா எடுக்கட்டும். உள்ள இருக்கிற கிருமி குழு கூடற வரைக்கும் கைகட்டி உக்காந்திருக்குமா? குழாய் அடைச்சுப்போச்சுன்னா அப்புறம் எக்ஸ்ரே எடுத்து என்ன பாக்கப்போறோம்?"

இதைத்தான் அவள் பல ராத்திரிகளாகத் தனியாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

செருப்புக் கடைக்கு மேலே ஒரு சின்ன கிளினிக் இருந்தது. அங்கிருந்த டாக்டர் முதல் முடிவைப் பார்த்தார். மற்ற முடிவுகளை அவள் எடுத்து நீட்டியபோது, "எதுக்கு இத்தனை?" என்றார். இத்தனை நாளில் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை.

"கர்ப்பம் எதுவும் இல்லையே?"

"அதுக்குத்தான் டாக்டர் இவ்வளவு அலைச்சலும்."

சிரித்துவிட்டு அதையும் ஒரு டெஸ்ட் செய்து பார்த்துக்கொண்டு, இருவருக்கும் ஒரு வாரத்துக்கு மாத்திரை எழுதினார். மாத்திரை தீரும் வரை தள்ளிப் படுக்கச் சொன்னார். "முடிஞ்ச உடனே ஓடிப்போய் டெஸ்ட் எடுக்காதீங்க. செத்த கிருமியோட துண்டு துணுக்கு கொஞ்ச நாள் உள்ள கிடக்கும். மெஷினுக்கு உயிர் இருக்கா இல்லையான்னு தெரியாது. அதுக்கும் சேர்த்து பாசிட்டிவ்னு சொல்லிடும். ஒரு மாசமாவது போகட்டும்."

ஒரு வாரம் மாத்திரை சாப்பிட்டார்கள். கணவன் கூடத்தில் படுத்துக்கொண்டு, அங்கிருந்தே தினமும், "குழு கூடிடுச்சா?" என்று சத்தமாகக் கேட்பான். அவள் உள்ளேயிருந்து, "நாற்காலி இன்னும் வரலீங்க," என்பாள். அவள் குழுவின் தாமதத்துக்காக வேண்டிக்கொண்டது வாழ்க்கையில் அதுவே முதல் தடவை. குழு அவளைக் கைவிடவில்லை. புது நாற்காலிகள் வந்தபோது தலைவர் ஓய்வு பெற்றிருந்தார். புதுத் தலைவர் உயரமானவர். அவருக்கு நாற்காலி ஒத்துவரவில்லை.

எல்லாம் சரியாகி நாலாவது சாம்பிளுக்கு அழைப்பு வந்தபோது மாத்திரை முடிந்து ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது. பரிசோதகர் இந்த முறை மஞ்சள் கோட்டில் இருந்தார்.

நெகட்டிவ்.

ஆய்வகம் விழாக்கோலம் பூண்டது. வாசல் விளக்கைத் துடைத்தார்கள். தரைத்தளத்துக் கூடத்தில் மேடை போட்டு, ஆய்வக இயக்குநர் பேசுவதாக ஏற்பாடு. அவளுக்கு முன்வரிசையில் நாற்காலி. நோய் இல்லை என்ற சான்றிதழை மேடையில் இயக்குநர் கையால் வாங்கிக்கொண்டு, நன்றி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றார் அலுவலர். நாலு பேர் முன்னால் பேசுவதென்றால் அவளுக்கு ஆகாது. மறுநாள் காலை எக்ஸ்ரே. சான்றிதழ் இல்லாமல் அங்கே உள்ளே விடமாட்டார்கள். ஒரு வார்த்தைதானே என்று ஒப்புக்கொண்டாள்.

இயக்குநர் உணர்ச்சிவசப்பட்டிருந்தார்.

"இந்தப் பெண்மணிக்கு முதல் தடவை தவறான முடிவு வந்தது. நாங்கள் மனம் தளரவில்லை. இரண்டாம் தடவையும் தவறாகவே வந்தது. மூன்றாம் தடவையும் தவறு. வேறு ஆய்வகமாக இருந்தால் அங்கேயே நம்பியிருப்பார்கள். நாங்கள் நம்பவில்லை. நாலாவது தடவை சரியான முடிவு வந்தது. அதோடு நிறுத்திவிட்டோம்."

கைதட்டல்.

"நாங்கள் மட்டும் இல்லாவிட்டால் இவர் தேவையில்லாமல் மருந்து சாப்பிட்டுக் குணமாகியிருப்பார். இந்த ஆய்வகம் உறுதிசெய்த பாசிட்டிவ் எதுவும் இதுவரை தவறென்று நிரூபிக்கப்பட்டதில்லை. காரணம், இதுவரை நாங்கள் எதையும் உறுதிசெய்ததில்லை. இந்த வெற்றியைத் தொடர்ந்து ஓர் அறிவிப்பு. இனி எல்லா நோயாளிகளுக்கும் நாலு தடவை. ஐந்தாம் மாடிக்கும் அனுமதி கிடைத்துவிட்டது."

அவளை மேடைக்கு அழைத்தார்கள். சான்றிதழ் இயக்குநர் கையில் இருந்தது. அவர் நன்றிக்காகக் காத்திருந்தார். அவள் மைக்கின் முன் நின்று கூட்டத்தைப் பார்த்தாள். கணவன் இரண்டாம் வரிசையில் இருந்தான். அவனுக்குப் பின்னால், சாம்பிள் கொடுக்க வந்தவர்களின் பெஞ்சில், முதல்நிலை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு சின்னப் பெண். பதினெட்டு பத்தொன்பது வயதிருக்கும். காகிதத்தை எட்டாக மடித்துப் பிடித்திருந்தாள். அவள் பார்வை மாடிப்படியில் இருந்தது.

கணவன் இவள் முகத்தைப் படித்துவிட்டான். வேண்டாம் என்று தலையை மெல்ல ஆட்டினான். இல்லாத பிரேக்கை அவன் கால் மிதிப்பது மேடையிலிருந்தே தெரிந்தது.

"நன்றி," என்றாள். இயக்குநர் சான்றிதழை நீட்டினார். அவள் வாங்கவில்லை. "எனக்கு நோய் இருந்துது. மூணு தடவை வந்ததும் சரிதான். செருப்புக் கடைக்கு மேல ஒரு டாக்டர் இருக்கார். அவர்கிட்ட மாத்திரை வாங்கிச் சாப்பிட்டோம். அதனாலதான் போச்சு. ஒரு வாரம்தான் ஆச்சு."

கடைசி நான்கு வாக்கியங்களை அவள் பெஞ்சைப் பார்த்துச் சொன்னாள்.

இயக்குநர் சான்றிதழை மெதுவாகத் தன் பக்கம் இழுத்தார். எக்ஸ்ரே இனி அடுத்த வருஷம்தான் என்று அவள் நினைத்தாள்.

உறுதிப்படுத்தல் அலுவலர் ஓடிவந்து இயக்குநரின் காதில் பேசினார். மைக் பக்கத்திலேயே இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. "சார், இவங்க சொல்றதை எழுத்துல எடுத்துக்கிட்டா மூணு பாசிட்டிவும் உறுதியானதா ஆயிடும். அப்புறம் நாம ஏன் மருந்து கொடுக்கலன்னு கமிஷன் வைப்பாங்க."

இயக்குநர் ஒரு கணம் யோசித்தார். பிறகு மைக்கைப் பிடித்தார். "அன்பர்களே, இப்போது கேட்டது உறுதிப்படுத்தப்படாத தகவல்," என்றார். கைதட்டல் எழுந்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவில், சுடுகிற பாத்திரத்தைக் கை மாற்றுவதுபோலச் சான்றிதழை அவள் கையில் திணித்தார்.

அவள் மேடையிலிருந்து இறங்கியபோது பெஞ்சில் அந்தப் பெண் இல்லை. வாசல் கதவு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

"செருப்புக் கடை எந்தத் தெருன்னு என்கிட்ட கேட்டுட்டு ஓடிட்டா," என்றான் கணவன். வியர்வையைத் துடைத்துக்கொண்டான். "நீ என் உயிரை எடுக்கறதுக்குன்னே பொறந்திருக்க."

மறுநாள் எக்ஸ்ரே பிரிவின் கவுண்டரில் சான்றிதழைக் கொடுத்தாள். அங்கிருந்தவர் நெகட்டிவ் என்ற வார்த்தையை மட்டும் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார்.

"இதை உறுதிப்படுத்த வேணாமாங்க?" என்று கேட்டாள். பழக்கதோஷம்.

"எதுக்கு? நெகட்டிவ்தானே. அதையெல்லாம் யாரும் சந்தேகப்பட மாட்டாங்க."

உள்ளே குளிராக இருந்தது. மேசையில் படுக்க வைத்தார்கள். எக்ஸ்ரே டாக்டர் சான்றிதழைப் படித்துவிட்டு, "முன்னாடி தொற்று எதுவும் இருந்ததில்லன்னு போட்டிருக்கு," என்றார்.

"இருந்துது டாக்டர். மாத்திரை சாப்பிட்டோம்."

"எவ்வளவு நாளா இருந்துது?"

"தெரியாது. நாலு மாடி ஏறி இறங்கற வரைக்கும் இருந்துது."

டாக்டர் சிரிக்கவில்லை. குறித்துக்கொண்டு வேலையைத் தொடங்கினார். வலித்தது. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். திரையில் என்ன தெரிகிறதென்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது. மாத்திரைக்கு முன் போன வாரங்களை மனம் எண்ணத் தொடங்கியது. வேண்டாமென்று நிறுத்திக்கொண்டாள்.

"ரெண்டு பக்கமும் திறந்திருக்கு," என்றார் டாக்டர். "சாயம் நல்லாப் போகுது. அடைப்பு எதுவும் இல்ல."

அவள் கண்ணைத் திறந்தாள்.

"இன்னொரு தடவை பாத்துச் சொல்லுங்க டாக்டர்."

"ஏம்மா, நம்பிக்கை இல்லையா?"

"நம்பிக்கை இருக்கு," என்றாள். "கேக்க நல்லா இருக்கு."